உமலா என்ற பெயருக்கு அர்த்தம்

குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதற்கென்றே புத்தகங்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு கடையில் ராசிபலனுக்கும் கோலப் புத்தகத்துக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு டீச்சர் முழுகாமல் இருந்தால் அந்தப் புத்தகம் கைமாறிக்கொண்டே இருக்கும். பெயர் ஒரு பக்கம், அர்த்தம் ஒரு பக்கம். நான் வாங்கி 'உ' வரிசையை மட்டும் பார்ப்பேன். உமா இருந்தது. உஷா இருந்தது. உமலா இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் பார்ப்பேன். அந்தப் பெயரை என் எட்டு வயதில் உண்டாக்கியவள் நான்.

அது என் தங்கையின் பெயர். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனாள். கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் கிடைத்துவிடுவாள் என்று யாரும் ஆசையோடு படிக்க வேண்டாம். அந்த ஆசையை நான் பல வருஷம் வைத்திருந்து பார்த்தவள். அது மனுஷியை மனுஷியாக இருக்க விடாது.

எங்கள் வீடு சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். போளூர் வழியாக வேலூர் போய்த் திரும்பும் வண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு தங்கவில்லை. அதற்கப்புறம் எழுபதுகளின் நடுவில் தங்கை பிறந்தாள். அவள் வயிற்றில் இருக்கும்போதுதான் அப்பாவைப் பெற்ற ஆயா இறந்துபோனார். ஆகவே பெண்ணாகப் பிறந்தால் என்ன பெயர் என்பதில் யாருக்கும் யோசனையே இருக்கவில்லை. செத்தவரே திரும்பி வருகிறார் என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்வார்கள். ஆயாவின் பெயர் உண்ணாமலை. பதினாறாம் நாள் அப்பா குழந்தையின் காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் விளங்காது. கோயிலில் அம்மன் பெயர் உண்ணாமுலை. குழந்தை வாய் வைக்காத முலை என்று பொருள். உலகத்துக்கே அம்மா, ஆனால் ஒரு பிள்ளையும் அவளிடம் பால் குடித்ததில்லை. எழுத்தில் வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. தெருவில் நின்று ஒரு பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிட ஊருக்குக் கூச்சம். அதனால் மலையைச் சேர்த்து உண்ணாமலை ஆக்கிக்கொண்டது. ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு உண்ணாமலையாவது இருப்பாள்.

பெயர் வைத்தாயிற்று. கூப்பிடத்தான் ஆள் இல்லை. அம்மாவுக்கு அது மாமியார் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால்கூட அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள், "நீ சொல்லு" என்று. கோயிலில் அம்மனைக் கும்பிடும்போதும் "தாயே" என்பாளே தவிர பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையை எப்படி அதட்டுவது, எப்படி "இங்க வாடி" என்பது? அப்பாவுக்கோ அது பெற்றவள் பெயர். அவர் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அம்மா" என்பார். "எங்கம்மா சாப்ட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். மரியாதைக்காக வைத்த பெயர், மரியாதைக்காகவே வீட்டில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. இதில் இருக்கும் கோளாறு எங்கள் யாருக்கும் அப்போது கண்ணில் படவில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான்.

எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. என் பெயரும் பழைய பெயர்தான், அம்மா வழியில் யாரோ ஒரு கிழவியுடையது. இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தே கொன்றார்கள். எங்கள் வகுப்பில் விமலா இரண்டு பேர், நிர்மலா மூன்று பேர், கமலா ஒருத்தி. டீச்சர் கூப்பிடும்போதே அந்தப் பெயர்கள் ரிப்பன் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். என் பெயர் மட்டும் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தங்கைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று முடிவு செய்தேன். தலையை ஆயாவிடமிருந்து எடுத்தேன், வாலை வகுப்பிலிருந்து எடுத்தேன். உமலா.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். "இப்டி ஒரு பேரு உண்டாடி?" என்றாள். "உண்ணாமலைதாம்மா. புது மாடல்" என்றேன். அந்தச் சாக்கு அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. மாமியார் பெயரைச் சொல்லாமலே சொன்ன மாதிரியும் ஆயிற்று, குழந்தையைக் கூப்பிட ஒரு பெயரும் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் உமலா. சந்தில் இருந்த மற்ற வீடுகளும் பிடித்துக்கொண்டன. அவளுக்குப் பேச்சு வந்ததும் யார் பெயர் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்து "உமலா" என்பாள்.

அப்பாவுக்கு மட்டும் தெரியாது. ஒருமுறை நான் வாய் தவறி அவர் எதிரில் கூப்பிட்டுவிட்டேன். சோற்றுத் தட்டை விட்டு எழுந்து வந்து அறைந்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். "எங்கம்மா பேர நசுக்கிப் பிதுக்கி வெளையாட்றியா? அவங்க செத்து வருஷம் ஆவல" என்றார். அதற்குப் பிறகு அப்பா வேலைக்குப் போன நாளில் உமலா, அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பாப்பா. குழந்தை ஒன்றும் குழம்பவில்லை. குழந்தைகளுக்கு இதெல்லாம் சுலபமாக வந்துவிடும்.

உண்ணாமலை யார் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சுவரில் ஆயா போட்டோ இருந்தது. திதி கொடுத்துப் படையல் போடும் நாளில் அம்மா அவளைத் தூக்கி, போட்டோவைக் காட்டி, "ஆயாவ கும்புடு" என்பாள். பக்கத்தில் நின்று நான் சொல்லிக் கொடுப்பேன், "உண்ணாமலை ஆயா. சாமிகிட்ட போயிட்டாங்க." அவளும் அப்படியே திருப்பிச் சொல்வாள்.

அவளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்த வருஷம், கார்த்திகைத் தேர் அன்று அண்ணாமலையாருக்கு மொட்டை அடிப்பதாக வேண்டுதல். அப்பா லீவு போட்டார். காலையிலேயே மொட்டை அடித்து, தலை முழுக்கச் சந்தனம் பூசி, மஞ்சளில் நனைத்த பாவாடை சட்டை போட்டாயிற்று. மொட்டைத் தலையோடு அவள் அடிக்கொரு தரம் தலையைத் தடவிப் பார்த்து, "முடி எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தேர் அன்று எங்கள் ஊர்த் தெருவில் பார்த்தால் இடுப்புக்கு இடுப்பு, தோளுக்குத் தோள் இதே மாதிரிக் குழந்தைகள். சந்தனத் தலை, மஞ்சள் துணி. பெற்றவளே இரண்டு தடவை பார்த்துத்தான் தன் பிள்ளையைத் தூக்குவாள்.

பெரிய தேர் போன பிறகு அம்மன் தேர் வரும். அந்தத் தேரைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். அப்பா எங்களை ஒரு பாத்திரக்கடை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். தேர் நெருங்கியதும் பெண்கள் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வடத்தைத் தொடப் பாய்ந்தது. அம்மா உமலாவின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவு நேரம்தான். நான் அம்மாவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், நானும் தேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அந்த இடத்தில் வேறு யாருடையதோ கால்கள் நின்றன.

முதலில் நாங்கள் பயப்படவில்லை. கடைக்குள் போயிருப்பாள், பலூன்காரன் பின்னால் போயிருப்பாள் என்று நினைத்தோம். "உமலா, உமலா" என்று இரண்டு பேரும் கத்தினோம். மேளம், தேர்ச் சத்தம், அரோகரா. எங்கள் குரல் எங்கள் காதுக்கே வரவில்லை. ஒரு மஞ்சள் பாவாடையைப் பிடித்துத் திருப்பினேன், வேறு குழந்தை. இன்னொன்றைத் திருப்பினேன், அதுவும் வேறு. பத்துப் பதினைந்து குழந்தைகளைத் திருப்பியிருப்பேன். ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டு, "ஏம்மா என் புள்ளைய இழுக்கற?" என்று திட்டினாள்.

தேரடிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுப் போலீஸ்காரர்கள் மைக் வைத்திருந்தார்கள். காணாமல் போனவர்களைக் கூப்பிடுவதற்கு. அங்கே ஓடினோம். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் அழுதுகொண்டு நின்றார்கள். மைக்கில் இருந்தவர் வயதான ஏட்டு, தொண்டை கட்டிப் போயிருந்தது. வயது கேட்டார், அம்மா சொன்னாள். துணி கேட்டார், மஞ்சள் பாவாடை, சந்தன மொட்டை என்று சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதையேதாம்மா எல்லாரும் சொல்றீங்க. பேரச் சொல்லு. பேர வச்சித்தான் கண்டுபுடிக்க முடியும்."

அந்த நேரம் பார்த்து அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் தண்ணீர்ச் செம்பு அப்படியே இருந்தது. அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எந்தப் பெயரைச் சொல்வது என்று அம்மா கண்ணால் கேட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது, விவரம் தெரியாத வயது இல்லை. அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. அதோடு ஒரு வெட்கமும் வந்தது. பத்துப் பேர் நிற்கும் இடத்தில், போலீஸ்காரர் முன்னால், நான் விளையாட்டாகச் செய்த ஒரு பெயர் மைக்கில் வரப்போகிறதே என்று. வேண்டாம் என்று தலையாட்டினேன். சின்னதாகத்தான் ஆட்டினேன்.

அம்மா ஏட்டுப் பக்கம் திரும்பி, "உண்ணாமலைங்க" என்றாள். அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பழக்கத்தில் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மாமியார் பெயரைச் சொல்லிவிட்டதற்கு.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க உண்ணாமலைதான். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய்களில் அந்த ஏட்டின் உடைந்த குரல். "உண்ணாமலை என்கிற மூன்று வயதுப் பெண் குழந்தை, எங்கிருந்தாலும் தேரடி பந்தலுக்கு வரவும். குழந்தையைக் கண்டவர்கள் உடனே கொண்டு வந்து ஒப்படைக்கவும்." நாலு மாட வீதியிலும் அது கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்பா பந்தலுக்கும் தெருவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை கிடைத்துவிடுவாள், சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

அன்று கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அம்மாவே அப்பாவிடம் சொன்னாள். "அது தம் பேருன்னு அவளுக்குத் தெரியாதுங்க. நாங்க உமலான்னுதான் கூப்புடுவோம். நீங்க திட்டுவீங்கன்னு..." அடிப்பார் என்று நான் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் இருந்த ஆயா போட்டோவைப் பார்த்தார். பிறகு, "நானுந்தான் ஒரு நாளும் கூப்ட்டதில்ல" என்றார். செருப்பைக்கூடப் போடாமல் தேரடிக்கு ஓடினார். அன்றும் மறுநாளும் மைக்கில் உமலா என்று கூப்பிட்டார்கள். தேருக்கு வந்த வெளியூர் ஜனம் பாதி வண்டியேறிப் போயிருந்தது.

பந்தலில் அம்மா என்னைப் பார்த்ததையும் நான் தலையாட்டியதையும் பற்றி அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்தக் களேபரத்தில் அம்மா நான் தலையாட்டியதைக் கவனித்திருக்கவே மாட்டாள், அவளாகத்தான் அந்தப் பெயரைச் சொன்னாள் என்று நான் நினைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். போலீஸ்காரர் கேட்டால் கார்டில் இருக்கும் பெயரைத்தானே யாரும் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அது எனக்கு உண்மையாகவே ஆகிவிட்டது.

அப்பா அதற்கப்புறம் வேறு ஆளாகிவிட்டார். வண்டி எந்த ஊரில் நின்றாலும் இறங்கி டீக்கடையில் கேட்பார். அனாதைப் பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலும் போய்விடுவார். வேலூர், ஆரணி, விழுப்புரம், மெட்ராஸ். "உமலான்னு சொல்லும், வாய் நல்லா பேசும்" என்று சொல்லிக் கேட்பாராம். கூடப் போன டிரைவர் வந்து சொல்வார். எந்தப் பெயருக்காக என்னை அறைந்தாரோ அந்தப் பெயரை ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போனார். வீட்டில் மட்டும் அதை உச்சரிக்க மாட்டார். நாங்களும் மாட்டோம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்த வருஷம் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனார். கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கே இல்லை.

எண்பதுகளின் நடுவில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஜூன் மாதம், ஒன்றாம் வகுப்புக்கு அட்மிஷன். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரு பெண் தன் மகளோடு வந்து நின்றாள். மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்காரி. வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் கூட்டிப் பெருக்குகிற வேலை, அங்கேயே பின்னால் ஒரு ரூமில் குடியிருக்கிறாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். நல்ல சிரித்த முகம்.

"கொழந்த பேருங்க?" என்று கேட்டேன், தலை நிமிராமல்.

"உமலா, டீச்சர்."

பேனா அப்படியே நின்றுவிட்டது. மை ஊறி ஃபாரத்தில் பொட்டு மாதிரி ஆயிற்று. நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தேன். ஐந்து வயது. என் தங்கை இருந்தால் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அது எனக்குத் தெரிந்தும், மூக்கையும் நெற்றியையும் உற்று உற்றுப் பார்த்தேன். குழந்தை பயந்து அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

"யாரு வச்ச பேருங்க இது?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"நான்தான் டீச்சர். அது ஒரு கத" என்று உற்சாகமாக ஆரம்பித்தாள். வரிசை பின்னால் காத்திருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

"எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. தேர் பாக்க நானும் எங்க ஊட்டுக்காரரும் வந்தோம். கோயிலுக்குப் பின்னால பேய்க்கோபுரம் பக்கம் ஒரு கொழந்த ஒண்டியா நின்னுக்கினு இருந்துது. மொட்ட போட்டு, மஞ்சப் பாவாட கட்டிக்கினு. அழுவகூட இல்ல. பாவமா இருந்துதுன்னு தூக்கி இடுப்புல வச்சிக்கினேன். பன்னு வாங்கிக் குடுத்தேன். பேரு இன்னா கண்ணுன்னேன். நெஞ்சுல கைய வச்சி உமலான்னுச்சு. அந்தப் பேரு எனக்கு அவ்ளோ புடிச்சிப் போச்சு டீச்சர். எனக்குப் பொண்ணு பொறந்தா இந்தப் பேருதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"அப்பறம்?"

"ரொம்ப நேரம் வச்சிக்கினு இருந்தேன். மைக்ல யாரோ கொழந்தய கூப்ட்டுக்கினே இருந்தாங்க. உண்ணாமலை, உண்ணாமலைன்னு. இதுவும் மொட்ட, மஞ்சத் துணி. ஒருவேள நீதானா கண்ணுன்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டுச்சு. அது எங்க ஆயா, சாமிகிட்ட போயிட்டாங்கன்னுச்சு. அதுக்குச் சிரிப்பு வேற. செத்துப்போன ஆயாவப் போயி மைக்ல கூப்புட்றாங்களேன்னு."

நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கடசி பஸ்ஸு போயிடும்னு எங்க ஊட்டுக்காரரு அவசரப்படுத்துனாரு. பக்கத்துல வயசானவங்க ரெண்டு பேரு, புருசன் பொஞ்சாதி. நாங்க போலீசாண்ட உட்டுட்றோம் நீங்க போங்கன்னாங்க. நல்லவங்களாத்தான் தெரிஞ்சாங்க. குடுத்துட்டு வந்துட்டோம்." இங்கே அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அவங்க அம்மா அப்பா கெடச்சிருப்பாங்க இல்ல டீச்சர்? அப்பப்ப நெனச்சிக்குவேன்."

"கெடச்சிருப்பாங்க" என்றேன்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்று அவளுக்கு நிம்மதி. பிறகு, "இந்தப் பேருக்கு அர்த்தம் இன்னா டீச்சர்? எல்லாரும் கேக்கறாங்க. வெள்ளக்காரம்மாகூட கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க படிச்சவங்க" என்றாள்.

உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். என் அம்மா ஒருத்தி, நான் ஒருத்தி. உண்ணாமலைதான் உமலா என்று சொன்னால் முடிந்தது. அடுத்த நொடியே அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும். தன் இடுப்பில் இருந்த குழந்தையைத்தான் அத்தனை குழாயிலும் கூப்பிட்டார்கள், தான்தான் அதை யாரோ கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸேறினோம் என்று புரிந்துவிடும். ஒரு கணம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கெட்ட எண்ணத்தில்தான். நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும், நீயும் வாங்கிக்கொள் என்று. குழந்தை அவள் புடவைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.

"தெரியலீங்க. நல்ல பேருதான்" என்றேன். ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வயதானவர்களை எங்கே போய்த் தேடுவது? போலீசில் போய்ப் பழைய நோட்டைக் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்றார்கள். யாரும் கொண்டுவந்து விட்டதாகப் பதிவு இல்லை. பேய்க்கோபுரத்துப் பக்கம் கடை வைத்திருந்தவர்களைக் கேட்டேன். தேர் அன்று ஆயிரம் பேர், யாருக்கு யாரைத் தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பத்து நாள் தாக்குப் பிடித்தேன். ஒரு சாயங்காலம் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் பன் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னபோது அம்மாவின் கை நின்றது. "தின்னாளாமா?" என்று கேட்டாள். தின்றாளாம் என்றேன், அது எனக்குத் தெரியாவிட்டாலும். மைக்கில் கூப்பிட்டதையும், அது எங்க ஆயா என்று அவள் சொன்னதையும் சொன்னேன்.

அம்மா அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. முறத்தில் இருந்த ஒரு கல்லைப் பொறுக்கி எடுத்துத் தூர எறிந்தாள்.

"அதுக்குத்தான் அன்னிக்கி உன்னப் பார்த்தேன்" என்றாள். "நீ வேணான்னுட்ட."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, குற்றம் சொல்கிற தொனியும் இல்லை. இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறாள். எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், தலை வாரிவிட்டிருக்கிறாள், காய்ச்சல் வந்தால் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்தே. அப்பா சாகும்வரை அவரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன். விழுவதற்குக்கூட எனக்கு அவள் இடம் வைக்கவில்லை. அந்தப் பெயரை உண்டாக்கியவளும் நான், அது தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் அதைச் சொல்லவிடாமல் செய்தவளும் நான். மன்னிப்பு கேட்டேன். அம்மா மறுபடி அரிசி புடைக்க ஆரம்பித்தாள், கேட்டது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். மாற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன், என்ன காரணம் சொல்வது? அம்மாவிடம் சொன்னதற்கு மறுநாள் காலை மணி அடித்ததும் ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பெயரும் வந்தது. கூப்பிட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குழந்தை எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றது.